கிரியேட்டினின் இயல்பாக இருக்கும்போது சிறுநீரில் புரதம் எப்படிக் கசிகிறது?

நீலவானம்

தம்பிக்கு வயது 26. சில வாரங்களாகக் காலையில் எழுந்ததும் கண்ணிமைகள் உப்பியிருக்கின்றன. மாலைக்குள் வீக்கம் கணுக்காலுக்கு இறங்கிவிடுகிறது. சிறுநீரில் நுரை அடங்குவதே இல்லை என்று அவனே கவனித்துச் சொன்னான். பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன: சிறுநீரில் புரதம் 3+, இரத்தத்தின் முக்கியப் புரதமான ஆல்புமின் ஒரு டெசிலிட்டருக்கு 2.3 கிராம், கொலஸ்ட்ரால் 340. சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் இயல்பு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக்கழிவான கிரியேட்டினின் 0.9.

இந்தக் கடைசி எண்தான் குழப்புகிறது. கிரியேட்டினின் சரியாக இருந்தால் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒழுங்காக வேலை செய்யும் வடிகட்டி புரதத்தை எப்படி வெளியே விடும்? சிறுநீரக மருத்துவர் பயாப்சி, அதாவது சிறுநீரகத் திசுவில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும் என்கிறார், செய்யப் போகிறோம். மருந்து கேட்டு இங்கே வரவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்தால் அம்மாவுக்கும் அவனுக்கும் எடுத்துச் சொல்ல முடியும்.

மரங்கொத்தி

இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை, நண்பரே. சிறுநீரகம் ஒரு சல்லடை. கண்கள் பெரிதாகிவிட்டால் பெரிய பொருளும் விழத்தான் செய்யும். இழக்கும் புரதத்தை உணவில் கூட்டி ஈடுகட்டுங்கள். மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

வகுப்பறை

மரங்கொத்தி சொல்லும் சல்லடை பாடப்புத்தகங்களிலும் உண்டு. நானே உடலியல் வகுப்பில் அங்கிருந்துதான் தொடங்குவேன். ஆனால் அதோடு நிறுத்தினால் நீலவானத்தின் கேள்விக்கு விடை கிடைக்காது.

முதலில் அளவுகளைப் பாருங்கள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் என்னும் நுண் வடிகட்டும் அலகுகள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் கிளோமெருலஸ் என்னும் நுண்குழாய் முடிச்சு இருக்கிறது. இவை அனைத்தும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர், நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியைக் குழாய்கள் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதால்தான் நாம் ஒன்றிரண்டு லிட்டரோடு தப்பிக்கிறோம். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 40 கிராம் அளவுக்கு ஆல்புமின் இருக்கிறது. தடையே இல்லாமல் போனால் அந்த 180 லிட்டரோடு ஒரே நாளில் 7 கிலோவுக்கு மேல் ஆல்புமின் வடிந்திருக்க வேண்டும். உடம்பில் அவ்வளவு ஆல்புமின் கிடையவே கிடையாது. நலமாக இருப்பவரின் சிறுநீரில் ஒரு நாளில் வெளிவருவது 30 மில்லிகிராமுக்கும் குறைவு. இந்தத் தடுப்பின் திறனை எண்ணி நான் வியக்காத ஆண்டில்லை.

இனி அந்தத் தடுப்பின் அமைப்பு. அது மூன்று அடுக்குகளால் ஆனது. இரத்தத்தை ஒட்டி நுண்குழாயின் உட்சுவர் செல்கள் இருக்கின்றன. அவற்றில் 70 முதல் 100 நானோமீட்டர் அகலமான சாளரங்கள் உண்டு. ஆல்புமினின் ஆரம் ஏறத்தாழ 3.6 நானோமீட்டர்தான். ஆக, நலமான சிறுநீரகத்திலேயே முதல் அடுக்கின் திறப்புகள் ஆல்புமினைவிடப் பன்மடங்கு பெரியவை. அடுத்து, கொலாஜன், லாமினின் இழைகளால் ஆன அடித்தளச் சவ்வு. மூன்றாவதாக, அந்தச் சவ்வை வெளிப்புறமிருந்து தழுவிக்கொண்டிருக்கும் போடோசைட் செல்கள். ஒவ்வொரு போடோசைட்டும் எண்ணற்ற பாதக் கிளைகளை நீட்டுகிறது. பக்கத்துச் செல்லின் கிளைகளோடு அவை மாறி மாறிப் பின்னிக்கொள்கின்றன. இரண்டு கிளைகளுக்கு நடுவே உள்ள 30, 40 நானோமீட்டர் இடைவெளியின் குறுக்கே நெஃப்ரின், போடோசின் போன்ற புரதங்களால் ஆன மெல்லிய பாலம் கட்டப்பட்டிருக்கிறது. தம்பியைப் போல ஆல்புமின் பெருமளவில் போகும்போது சேதம் பெரும்பாலும் இந்த மூன்றாம் அடுக்கில்தான் இருக்கும்.

கிரியேட்டினினுக்கு வருவோம். அது மிகச் சிறிய மூலக்கூறு, எடை 113 டால்டன். ஆல்புமினோ ஏறத்தாழ 66,500. கிரியேட்டினினுக்கு மூன்று அடுக்குகளும் ஒரு பொருட்டே இல்லை. நீர் போகும் வழியெல்லாம் அதுவும் போய்விடும். எனவே இரத்தத்தில் அதன் அளவு ‘ஒரு நாளில் எவ்வளவு நீர் வடிகிறது’ என்பதை மட்டுமே காட்டுகிறது. ‘எதை உள்ளே நிறுத்தி வைக்கிறது’ என்பது வேறு கேள்வி. அதற்குச் சிறுநீரில்தான் விடை தேட வேண்டும். உங்கள் தம்பியின் சிறுநீரகம் முதல் கேள்விக்குச் சரியாகவும் இரண்டாவதற்குத் தவறாகவும் பதில் சொல்கிறது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறுநீரகங்களின் கையிருப்புத் திறன் பெரிது. வடிகட்டும் ஆற்றலில் பாதியளவு போன பிறகுதான் பலருக்கும் கிரியேட்டினின் கண்ணில் படும்படி ஏறுகிறது. இரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்துவிட்டு ‘சிறுநீரகம் நன்றாக இருக்கிறது’ என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை.

ஆய்வகத் தோழன்

வகுப்பறை ஐயா சொன்னதோடு, அந்த ‘3+’ பற்றிக் கொஞ்சம். சிறுநீரில் தோய்க்கும் சோதனைப் பட்டை நிறம் மாறுவதைப் பார்த்து நாங்கள் எழுதும் மதிப்பீடு அது. வழக்கமாக 1+ என்றால் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம், 2+ என்றால் 100, 3+ என்றால் 300. அது செறிவைக் காட்டுமே தவிர மொத்த இழப்பைக் காட்டாது. தண்ணீர் குடிக்காதவரின் அடர்ந்த சிறுநீரில் சிறு கசிவும் பெரிதாகத் தெரியும். நிறையக் குடித்தவரிடம் பெரிய கசிவும் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் அதே மாதிரியில் கிரியேட்டினினையும் அளந்து இரண்டின் விகிதத்தைப் பார்க்கிறோம். ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான உயர்வு. அதற்கு மேல் கடுமையான உயர்வு. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரே இதற்குச் சிறந்தது.

பட்டைக்குப் பெரும்பாலும் ஆல்புமின் மட்டுமே கண்ணில் படும். சில எலும்பு மச்சைப் புற்றுநோய்களில் வெளிவரும் இலகு சங்கிலிப் புரதங்களை அது தவறவிடும். அங்கே வடிகட்டி கெட்டதால் கசிவு வருவதில்லை. இரத்தத்தில் சிறு புரதங்கள் மிகுந்து வழிவதால் வருகிறது. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றின்போது சில நாட்கள் புரதம் தெரிந்து மறைவதும் உண்டு. பதின்ம வயதினர் சிலருக்கு நிற்கும்போது மட்டும் கசியும், படுத்தெழுந்த முதல் சிறுநீரில் இருக்காது. ஆகவே ஒரே ஒரு 1+ கண்டு யாரும் கலங்க வேண்டாம். ஆனால் வீக்கம், இரத்தத்தில் ஆல்புமின் 2.3, சிறுநீரில் 3+ மூன்றும் சேர்ந்து வந்தால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

நுரையை மட்டும் நம்பவும் கூடாது. வேகமாகக் கழித்தாலே நுரைக்கும். ஆனாலும் அது மிகப் பழைய தடயம். சிறுநீரின் மேல் குமிழிகள் நின்றால் சிறுநீரக நோய், அது நீண்டகாலம் நீடிக்கும் என்று ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் சூத்திரங்களிலேயே ஒரு வரி இருக்கிறது. 1827இல் ரிச்சர்டு பிரைட் உடல் வீக்கம், புரதம் கலந்த சிறுநீர், சேதமடைந்த சிறுநீரகம் மூன்றையும் இணைத்துக் காட்டினார். ஒரு கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினால் புரதம் திரிந்து வெண்மையாகும். அதுதான் அவர் கையாண்ட சோதனை.

சிறகு

நீலவானம், உங்கள் பதிவைப் படித்ததும் என் மகளுக்கு நான்கு வயதில் வந்தது நினைவில் எழுந்தது. அதே இமை வீக்கம். முதலில் ஒவ்வாமை என்றுதான் எல்லோரும் எண்ணினோம். அவளுக்குப் பயாப்சி செய்யாமலேயே ஸ்டீராய்டு தொடங்கினார்கள். சில வாரங்களில் புரதம் முழுவதுமாக நின்றுவிட்டது. பிறகு சளி பிடித்தபோது திரும்ப வந்தது, மறுபடியும் நின்றது.

அப்போது மருத்துவர் சொன்ன ஒன்று இன்றும் எனக்குப் புரியவில்லை. பயாப்சி செய்தாலும் சாதாரண நுண்ணோக்கியில் எல்லாம் நலமாகவே தெரியும் என்றார். உடம்பெல்லாம் வீங்கும் அளவுக்குப் புரதம் கொட்டுகிறது, ஆனால் சேதம் கண்ணுக்குத் தெரியாது என்றால் அது எப்படி, ஐயா?

வகுப்பறை

சகோதரி, பாதக் கிளைகள் ஒளி நுண்ணோக்கிக்கு எட்டாத அளவு நுணுக்கமானவை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் சேதம் தெரியும். பின்னிக்கொண்டிருக்க வேண்டிய கிளைகள் உள்வாங்கிச் சப்பையாகி, சவ்வின் மேல் ஒரே தகடாகப் பரவியிருக்கும். செல் சாகவில்லை, சவ்வும் கிழியவில்லை. செல்லுக்குள் கிளைகளைத் தாங்கும் ஆக்டின் எலும்புக்கூடு தன் ஒழுங்கை இழந்துவிட்டது, அவ்வளவே. அந்த ஒழுங்கு மீண்டால் கிளைகளும் மீண்டும் முளைக்கும், கசிவு நிற்கும். உங்கள் மகளுக்கு நடந்தது இதுதான். இதைக் குறைந்தபட்ச மாற்ற நோய் என்கிறோம். பெருமளவு புரதம் கசிந்து, இரத்தத்தில் ஆல்புமின் குறைந்து, உடம்பு வீங்கும் நிலையை நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்பார்கள்; குழந்தைகளுக்கு வரும் அதில் பெரும்பங்கு இது. ஸ்டீராய்டுக்கு நன்றாக இணங்குவதால்தான் அந்த வயதில் பயாப்சி இல்லாமலே சிகிச்சையைத் தொடங்குகிறார்கள்.

எதனால் அந்த ஒழுங்கு குலைகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. நெஃப்ரின் புரதத்துக்கான மரபணு 1998இல் கண்டறியப்பட்டது. அது பிறவியிலேயே பழுதான குழந்தைகள் வயிற்றில் இருக்கும்போதே புரதத்தை இழக்கத் தொடங்குகின்றன. அண்மையில், 2022, 2024 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், குறைந்தபட்ச மாற்ற நோய் உள்ள பலரின் இரத்தத்தில் அதே நெஃப்ரினைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டின. எல்லோரிடமும் இல்லை. ஆனால் நோய் தீவிரமாக இருக்கும்போது அவை மிகுந்தும் அடங்கும்போது குறைந்தும் காணப்படுகின்றன.

மரங்கொத்தி

இங்கே எனக்கு ஓர் இடறல் இருக்கிறது. கிளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் வழியாகத்தான் நீர் வெளியேற வேண்டும். கிளைகள் சப்பையாகி ஒட்டிக்கொண்டால் இடைவெளிகள் குறைய வேண்டும். அப்படியானால் கசிவும் குறைய வேண்டுமே! எப்படி அதிகரிக்கிறது?

கடலோரம்

மிக அருமையான கேள்வி. இந்தத் துறையில் இருப்பவர்களே பல ஆண்டுகள் மோதிக்கொண்ட இடம் இது. நான் ஆய்வுக்கூடத்தில் போடோசைட்டுகளோடு வாழ்பவன், ஆகவே சற்று நீட்டித்தான் எழுதுவேன்.

பல காலமாக நிலவிய விளக்கம் மின்னேற்றம். ஆல்புமின் எதிர்மின்னேற்றம் கொண்டது. அடித்தளச் சவ்விலுள்ள ஹெப்பரான் சல்பேட்டும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன, நோயில் அந்த மின்னேற்றம் போய்விடுகிறது என்றார்கள். ஆனால் மரபணு மாற்றத்தால் சவ்வின் ஹெப்பரான் சல்பேட்டைப் பெருமளவு நீக்கிய எலிகளில் எதிர்பார்த்த கசிவு வரவில்லை. மின்னேற்றத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது முழுக் கதை இல்லை.

இப்போது எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம் அழுத்தம் சார்ந்தது. கிளோமெருலஸ் நுண்குழாய்களில் அழுத்தம் 50 முதல் 60 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். உடம்பின் பெரும்பாலான நுண்குழாய்களைவிட இது ஏறத்தாழ இரு மடங்கு. இந்த அழுத்தம் அடித்தளச் சவ்வை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. போடோசைட்டின் பாதக் கிளைகளும் அவற்றை இணைக்கும் பாலங்களும் வெளியிலிருந்து எதிர்த்துத் தாங்குகின்றன. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட சவ்வு ஒரு ஜெல். அது நெருக்கப்படும்போது அதன் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஆல்புமின் நுழைய இடமில்லாமல் போகிறது, நீர் மட்டும் கடந்து செல்கிறது. கிளைகள் சப்பையானால் அந்த எதிர்த்தாங்கல் தளர்கிறது. சவ்வு நெகிழ்ந்து, இழைகளுக்கு நடுவே இடம் விரிகிறது, ஆல்புமின் புகுந்துவிடுகிறது. மரங்கொத்தி சொன்னதுபோல இடைவெளிகளின் மொத்த நீளம் குறைவது உண்மை. அதனால் நீர் வடிவதும் ஓரளவு குறையும். ஆனால் வடியும் ஒவ்வொரு துளியிலும் ஆல்புமினின் பங்கு பல மடங்கு கூடிவிடுகிறது. 2020இல் எலிகளில் அளவீடுகளோடு இதை விளக்கிய ஆய்வு வந்தபோது நாங்கள் கொண்டாடினோம்.

ஆகவே சல்லடைப் படத்தில் நான் மாற்றச் சொல்வது ஒன்றே. இது உயிரற்ற வலை இல்லை. செல்கள் ஒவ்வொரு நொடியும் ஆற்றலைச் செலவிட்டுத் தாங்கிப் பிடிப்பதால் மட்டுமே இறுக்கமாக இருக்கும் தடுப்பு. தாங்கும் செல் சோர்ந்தால் துளை எதுவும் விழாமலே கசியும்.

இன்னொரு வாதமும் உண்டு. நலமான நிலையிலும் சிறிதளவு ஆல்புமின் தடுப்பைத் தாண்டுகிறது. அடுத்துள்ள குழாயின் செல்கள் மெகாலின், கியூபிலின் என்னும் ஏற்பிகளால் அதைப் பிடித்து உள்ளிழுத்துக்கொள்கின்றன. அப்படித் தாண்டும் அளவு மிக மிகப் பெரிது, நோய் உண்மையில் குழாயில்தான் என்று 2007 வாக்கில் ஒரு குழு வாதிட்டது. நுண்துளையிட்டு நேரடியாக அளந்தவர்கள் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. குழாய் மட்டும் பழுதானால் சிறுநீரில் சிறு புரதங்கள்தான் மிகுந்து காணப்படும். நெஃப்ரோடிக் அளவுக்கு, அதாவது நாளுக்கு 3.5 கிராமுக்கு மேல், பெரும்பாலும் ஆல்புமினான புரதம் போகிறது என்றால் முதலில் கிளோமெருலஸைத்தான் பார்க்க வேண்டும்.

நீலவானம்

எல்லோருக்கும் நன்றி. கிரியேட்டினின் பற்றிய குழப்பம் தீர்ந்தது. கடலோரம் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தம்பிக்கும் படித்துக் காட்டினேன். ‘ஓட்டை விழவில்லையா?’ என்று கேட்டான், முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, குழந்தைக்குப் பயாப்சி இல்லாமல் தொடங்குகிறார்கள், இவனுக்கு மட்டும் ஏன் தேவை? இரண்டு, இரத்தம் உறையும் அபாயம் இருக்கிறது என்று மருத்துவர் எச்சரித்தார். சிறுநீரில் புரதம் போவதற்கும் இரத்தம் உறைவதற்கும் என்ன தொடர்பு?

வகுப்பறை

பயாப்சி பற்றி நான் சொல்கிறேன், உறைவைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும்.

பெரியவர்களிடம் இதே வீக்கம், இதே 3+, இதே குறைந்த ஆல்புமின் முற்றிலும் வேறுபட்ட நோய்களிலிருந்து வரலாம். குறைந்தபட்ச மாற்ற நோய் ஒன்று. சில கிளோமெருலஸ்களில் மட்டும் ஒரு பகுதியில் தழும்பு விழும் நோய் இன்னொன்று. மூன்றாவது மெம்பரேனஸ் நெஃப்ரோபதி. இதில் போடோசைட்டுக்கும் சவ்வுக்கும் நடுவே எதிர்ப்பொருள்கள் படிகின்றன, அங்கே தூண்டப்படும் நோயெதிர்ப்புப் புரதங்கள் போடோசைட்டைக் காயப்படுத்துகின்றன, சவ்வு தடிக்கிறது. தடித்த சவ்வு அதிகமாகக் கசிகிறது என்பதைக் கவனியுங்கள். தடிப்பம் இறுக்கத்தைத் தருவதில்லை. லூபஸ், அமிலாய்டு போன்றவையும் பட்டியலில் உண்டு. சிறுநீரைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. ஒன்றுக்கு ஸ்டீராய்டு மட்டும் போதும், இன்னொன்றுக்கு அது போதாது, வேறொன்றில் சில மாதங்கள் பொறுத்திருந்து பார்ப்பதே சரியாக இருக்கும். தவறாக ஊகித்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பதைவிடத் திசுவைப் பார்ப்பது நல்லது.

மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள். மெம்பரேனஸ் நோயின் முதல்நிலை வகையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குப் பிஎல்ஏ2ஆர் என்னும் போடோசைட் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கும். 2009இல் வந்த கண்டுபிடிப்பு இது. அந்தச் சோதனை நேர்மறையாக வந்தால், மற்ற நிலைமைகளும் ஒத்துவரும்போது, சிலருக்குப் பயாப்சியே தேவைப்படாமல் போகலாம்.

சிறகு

பயாப்சிக்கு முன்பு வலி மாத்திரைகள், இரத்தத்தை இளக்கும் மாத்திரைகள் எடுக்கிறாரா என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். செய்த பிறகு அன்று முழுவதும் படுத்திருக்கச் சொல்வார்கள், சிறுநீரில் இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

கடலோரம்

உறைவு: கசியும்போது ஆல்புமின் தனியாகப் போவதில்லை. ஏறத்தாழ அதே அளவுள்ள மற்ற புரதங்களும் கூடவே போகின்றன. அவற்றில் ஒன்று ஆன்டித்ராம்பின், இரத்தம் வரம்பு மீறி உறையாமல் காக்கும் புரதம். மறுபுறம், ஆல்புமின் குறைவதைக் கண்ட கல்லீரல் புரத உற்பத்தியை முடுக்குகிறது. அந்த வேகத்தில் உறைவைத் தூண்டும் பெரிய புரதங்களும் கூடுதலாக வருகின்றன, அவை அளவில் பெரியவை என்பதால் கசிந்து வெளியேறுவதும் இல்லை. தராசு உறைவின் பக்கம் சாய்கிறது. மெம்பரேனஸ் நோயில் இந்த அபாயம் மிக அதிகம். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விலாப் பக்கத்தில் வலியோடு சிறுநீரில் இரத்தம், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கல்லீரலின் அதே முடுக்கம்தான் கொலஸ்ட்ரால் 340க்கும் ஒரு காரணம். நோயெதிர்ப்புப் புரதமான ஐஜிஜியும் கசிவதால் தொற்று எளிதில் பற்றும்.

வீக்கத்துக்கு ஆல்புமின் குறைவு மட்டும் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். பாதி உண்மை. வடிகட்டியைத் தாண்டும் பிளாஸ்மினோஜென் என்னும் இரத்தப் புரதம், குழாய்க்குள் பிளாஸ்மினாக மாறி, சோடியத்தை உள்ளிழுக்கும் வாயில்களைத் திறந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உப்பு உள்ளேயே தங்குகிறது, நீரும் அதனோடு தங்குகிறது. அதனால்தான் உப்பைக் குறைக்காமல் நீர் மாத்திரை மட்டும் விழுங்கினால் வீக்கம் அசையாது.

கருவிழி

என் நிலை வேறு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஒரு வீக்கமும் இல்லை, நுரையும் இல்லை. வழக்கமான ஆண்டுப் பரிசோதனையில் ஆல்புமின் விகிதம் 80 என்று வந்தது. பட்டையில் ஒன்றுமே தெரியவில்லை, கிரியேட்டினினும் நலம். இரத்த அழுத்தம் இயல்பாக இருந்தும் அழுத்த மாத்திரை எழுதினார்கள். பிறகு இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. மாத்திரை தொடங்கிய பின் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியது, அப்போது பயந்துபோனேன். இதே வடிகட்டிதான் எனக்கும் கசிகிறதா?

வகுப்பறை

அதே வடிகட்டிதான், ஆனால் கெடும் வழி வேறு. உங்கள் விஷயத்தில் காலம் மெதுவாக வேலை செய்கிறது. சர்க்கரை மிகும்போது கிளோமெருலஸுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் சிறுதமனி விரிந்து, உள்ளழுத்தம் கூடுகிறது. தொடக்கத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிக்கும். அந்த ஆண்டுகளில் கிரியேட்டினின் அழகாக இருக்கும், அதைப் பார்த்து மகிழ்வதுதான் ஆபத்து. அடித்தளச் சவ்வு தடிக்கிறது. கூடிய அழுத்தத்தைத் தாங்கித் தாங்கிப் போடோசைட்டுகள் சவ்விலிருந்து பிரிந்து சிறுநீரோடு போகத் தொடங்குகின்றன. முதிர்ந்த போடோசைட் தன்னைப் பிரித்துப் பெருக்கிக்கொள்ளாது. போன இடத்தைப் பக்கத்திலுள்ளது நீண்டு மூட வேண்டும், அதன் மேல் சுமை கூடுகிறது. எலிகளில் செய்த சோதனைகளில், போடோசைட்டுகளில் 20 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தால் கிளோமெருலஸில் தழும்பு விழத் தொடங்குகிறது. சிறகின் மகளுக்குக் கிளைகள் மீண்டும் முளைத்தன. இங்கே செல்லே போய்விடுகிறது. அதனால்தான் 80 என்னும் எண்ணிலேயே பிடித்துவிட வேண்டும் என்று உங்கள் மருத்துவர் முனைகிறார். நல்ல வேளையில் பிடித்திருக்கிறார்.

மாத்திரை பற்றி: இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஏசிஇ தடுப்பான்களும் ஏஆர்பி வகை மருந்துகளும் கிளோமெருலஸிலிருந்து வெளியேறும் சிறுதமனியை விரிக்கின்றன. உள்ளழுத்தம் இறங்குகிறது, கசிவு குறைகிறது. கையில் அளக்கும் இரத்த அழுத்தம் இயல்பாக இருந்தாலும் அந்த முடிச்சுக்குள் அழுத்தம் உயர்ந்திருக்கலாம். முதல் வகைச் சர்க்கரை நோயில் கேப்டோப்ரில் சிறுநீரகத்தைக் காக்கிறது என்பதை 1993இல் வந்த ஆய்வு காட்டியது. இரண்டாம் வகையில் லோசார்டன், இர்பெசார்டன் இரண்டுக்கும் 2001இல் சான்று வந்தது. சர்க்கரை நோய்க்குத் தரும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள் உள்ளே வரும் சிறுதமனியைச் சுருக்கி அதே அழுத்தத்தை மறுமுனையில் குறைக்கின்றன. சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் அவை பயன்படுவதை 2020இல் டாபாக்லிஃப்ளோசின் ஆய்வு காட்டியது.

அழுத்தம் இறங்கினால் வடியும் அளவும் சற்றே குறையும், கிரியேட்டினின் சிறிது ஏறும். 30 விழுக்காடு வரையிலான ஏற்றத்தை மருத்துவர்கள் பொதுவாகப் பொறுத்துக்கொள்வார்கள். பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்த எண்ணைக் கண்டு தானாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பத்தில் ஏசிஇ, ஏஆர்பி மருந்துகள் கூடவே கூடாது.

மரங்கொத்தி

அப்படியானால் புரத உணவைக் கூட்டச் சொன்னது?

ஆய்வகத் தோழன்

அந்த எண்ணம் இயல்பானது. ஒரு காலத்தில் மருத்துவர்களே அதிகப் புரத உணவைப் பரிந்துரைத்தார்கள். ஆனால் புரதம் மிகுதியாகச் சாப்பிட்டால் கிளோமெருலஸின் அழுத்தமும் வடிதலும் கூடுகின்றன. கூடுதலாக உருவாகும் ஆல்புமினும் கசிந்தே போய்விடுகிறது. இரத்தத்தின் அளவு உயராது, கசிவுதான் உயரும். நாட்பட்ட சிறுநீரக நோயில் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம். பெருமளவு கசிபவருக்கும் குழந்தைகளுக்கும் அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும், பட்டினி கிடப்பதும் தவறு. உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் வைப்பது இதைவிட முக்கியம். உப்பு மிகுந்தால் வகுப்பறை ஐயா சொன்ன மாத்திரைகளின் பலனே மங்கிவிடும்.

வீக்கத்தால் வரும் கால்வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை வாங்கி விழுங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அவை சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தைக் குறைப்பதோடு, அரிதாகச் சிலருக்குக் கசிவு நோயையே உண்டாக்கும்.

கடலோரம்

மருந்தால் கசிவு என்றதும் ஒரு துணைச்செய்தி. போடோசைட், விஈஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து முதல் அடுக்கிலுள்ள உட்சுவர் செல்களைப் பேணுகிறது. கர்ப்பகால நச்சுத்தன்மை எனப்படும் பிரீஎக்லாம்ப்சியாவில் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஒரு புரதம் அந்தக் காரணியை உறிஞ்சி முடக்கிவிடுகிறது. உட்சுவர் செல்கள் வீங்குகின்றன, புரதம் கசிகிறது. அதே காரணியைத் தடுக்கும் சில புற்றுநோய் மருந்துகளும் கசிவைத் தருவதைக் கவனித்திருப்பீர்கள். மூன்று அடுக்குகளும் ஒன்றையொன்று நம்பி வாழ்கின்றன. நோய் எங்கே தொடங்கினாலும் கடைசியில் மூன்றும் பாதிக்கப்படும்.

கருவிழிக்கும் நீலவானத்துக்கும் சேர்த்து மற்றொன்று: கசிவு நோயின் அறிகுறி மட்டும் இல்லை, அதுவே சேதம் செய்யும். தாண்டி வந்த புரதத்தை உள்ளிழுத்து உள்ளிழுத்துக் குழாய் செல்கள் திணறுகின்றன, அழற்சியைத் தூண்டுகின்றன, சுற்றிலும் நார்த்திசு படிகிறது. கடைசியில் கிரியேட்டினினை உயர்த்துவது பெரும்பாலும் இந்த நார்த்திசுதான். ஆகவே கிரியேட்டினின் நலமாக இருக்கும் இந்தக் காலமே சிகிச்சைக்கு உரிய காலம். அது ஏறட்டும், பிறகு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நீலவானம்

பயாப்சிக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் பிஎல்ஏ2ஆர் சோதனை பற்றிக் கேட்கிறேன். உறைவைத் தடுக்க மருந்து தேவையா என்பதையும், தடுப்பூசிகள் எவற்றை எப்போது போடலாம் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். வலி மாத்திரை ஒன்று எப்போதாவது போட்டுக்கொள்வான், இன்றே நிறுத்திவிட்டான். 24 மணி நேரச் சிறுநீரும் சேகரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எப்போது தொடங்கி எப்போது முடிப்பது என்று அங்கே யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

ஆய்வகத் தோழன்

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகு பகலிலும் இரவிலும் கழிப்பதை ஒன்று விடாமல் கொள்கலனில் சேர்க்க வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் கழிக்கும் முதல் சிறுநீரையும் சேர்த்ததும் முடிந்தது. மலம் கழிக்கும்போது போகும் சிறுநீரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள், அதற்கு முன்பே தனியாகக் கழித்துச் சேர்க்கட்டும். கொள்கலன் குளிர்ச்சியான இடத்தில் இருக்கட்டும். நடுவில் ஒரு முறை தவறிவிட்டால் மறைக்க வேண்டாம், ஆய்வகத்தில் சொல்லிவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்கலாம்.

சிறகு

பயாப்சி முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், நீலவானம். குறைந்தபட்ச மாற்ற நோய் என்று வந்து ஸ்டீராய்டு தொடங்கினால், வீட்டிலேயே காலைச் சிறுநீரைப் பட்டையில் பார்த்து நாட்குறிப்பில் எழுதும் பழக்கத்தைத் தம்பிக்கு முதல் நாளிலிருந்தே ஏற்படுத்துங்கள். குழந்தைகளுக்குத் தொடர்ந்து மூன்று நாட்கள் 3+ வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று கொள்வார்கள். பெரியவர்களுக்கு எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அந்த நாட்குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். என் மகளுக்கு வீக்கம் தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே பட்டை காட்டிக்கொடுத்துவிடும்.